கூரையில் பேனல், வீட்டில் இருட்டு

கெடா மாநிலத்துப் பாடாங் செராயைச் சுற்றியுள்ள குடியிருப்புத் தாமான்களில் கூரைக்குக் கூரை சோலார் பேனல் ஏறிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டு அண்ணன் இன்னும் போடவில்லை. ஆனால் போட்டவர்களை உன்னிப்பாகக் கவனித்து வருகிறார். அண்மையில் பராமரிப்பு வேலைக்காகப் பட்டப்பகலில் தெரு முழுக்க மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. "என்ன தம்பி, இத்தனை ஆயிரம் வெள்ளியைக் கூரையில் கொட்டிவிட்டு, பேனல் போட்டவரும் என்னை மாதிரியே விசிறியை வைத்து வீசிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாரே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பேனலிலிருந்து இறங்கும் கம்பி சுவரில் ஒரு பெட்டிக்குள் போகிறது. இன்வெர்ட்டர் என்கிற அந்தப் பெட்டி, வெளியே மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிட வேண்டும் என்ற கட்டளையோடுதான் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. கம்பத்தில் மின்சாரம் இல்லை என்று நம்பி ஏறுகிற ஊழியரின் கைக்கு, யாரோ ஒருவர் வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் வந்து சேரக் கூடாது அல்லவா? வீட்டின் 230 வோல்ட் தெருமுனை மின்மாற்றி வழியாகப் பின்னோக்கிப் போனால் மறுபக்கம் 11,000 வோல்ட்டாக ஏறி நிற்கும். ஆகவே வெளி இணைப்பு அறுந்தால் 2 வினாடிக்குள் இன்வெர்ட்டர் கழன்றுகொள்ள வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள சோதனை விதி.

அறுந்ததை அது எப்படித் தெரிந்துகொள்கிறது? தான் தரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை, அதாவது அது நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, இந்தப் பக்கம் ஒரு துளி, அந்தப் பக்கம் ஒரு துளி என்று ஓயாமல் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருக்கும். வெளியே தீபகற்பம் முழுக்கப் பரந்த மின்கட்டமைப்பு இருக்கும்வரை அந்தத் தள்ளல் எடுபடாது. எடுபட்டுவிட்டால் மறுமுனையில் யாரும் இல்லை என்று பொருள், உடனே நிறுத்து. இதைச் செய்வது சில வரி கணினி நிரல்தான்.

ஊரில் எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள், எனக்கோ சுவரில்தான் கண். பேனலுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. வெயில் பட்டால் ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம் கொடுக்கும், அவ்வளவே. எவ்வளவு எடுப்பது, எங்கே அனுப்புவது, எப்போது வாயை மூடிக்கொள்வது எல்லாமே பெட்டிக்குள் இருக்கும் சில்லும் சில்லுக்குள் இருக்கும் நிரலும் எடுக்கும் முடிவுகள். இனி வரும் காலத்து மின்சாரத்தின் கதை பெரும்பாலும் அந்த நிரலின் கதையாகத்தான் இருக்கும், அதைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு என்பதில்தான் உண்மையான சண்டை வரும் என்பது என் கணிப்பு.

தோட்டத்து ஜெனரேட்டர்

விக்டோரியா தோட்டம், ஹென்ரியெட்டா தோட்டம் என்று இந்தப் பக்கத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு மின்கட்டமைப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு விளக்கு எரிந்தது தோட்ட ஜெனரேட்டரால். பொழுது சாயும்போது ஓட்டுவார்கள், இரவு 10, 11 மணிக்கு நிறுத்திவிடுவார்கள். கல்யாணம், திருவிழா என்றால் நிர்வாகத்திடம் கேட்டு நேரத்தை நீட்டிக்கொள்வதும் உண்டு. பல வீடுகளில் ஒரே நேரத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினால் பல்பு மங்கும், என்ஜின் சத்தம் ஒரு கணம் அமுங்கும், அப்புறம் உறுமிக்கொண்டு எழும்.

அந்த ஒரு கணத்தில்தான் முழுப் பாடமும் இருக்கிறது. சுமை கூடினால் என்ஜின் மெதுவாகிறது. சுழலும் கனமான சக்கரம் தன்னிடம் சேர்ந்திருக்கும் வேகத்தைக் கொடுத்துச் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கிறது. அதற்குள் கவர்னர் என்ற கருவி கூடுதல் டீசலைத் திறந்துவிடுகிறது. நான்கு துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சுற்று குறைந்தால் ஹெர்ட்ஸ் குறையும். பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை உள்ள பெரிய நிலையங்கள் எல்லாமே இப்படி ஒரே வேகத்தில் இணைந்து சுழல்கின்றன. ஓரிடத்தில் ஏதாவது அறுந்தால் அந்த இரும்பின் கனம்தான் முதல் சில நொடிகளைக் காப்பாற்றித் தருகிறது. அதுவும் போதாமல் போகும் நாள் உண்டு: 1996 ஆகஸ்ட் 3 அன்று மாலை தீபகற்பம் முழுவதும் இருண்டு, பல மணி நேரம் கழித்தே திரும்பி வந்தது.

சோலார் இன்வெர்ட்டரில் சுழலும் இரும்பு எதுவும் இல்லை. இன்று வீடுகளில் மாட்டப்படுபவை பெரும்பாலும் பஜனையில் பின்பாட்டுப் பாடுபவர்களைப் போன்றவை. முன்னே ஒருவர் தாளம் பிடித்துக் கொடுத்தால் பிசகாமல் பாடும். அவர் நிறுத்தினால் இவையும் நிறுத்தும். பின்பாட்டுக்காரர்கள் பத்துப் பேர் இருக்கும்வரை சிக்கலில்லை. கூட்டத்தில் பெரும்பாதி அவர்களே என்றால்?

ஜெர்மனிக்கு இந்தக் கேள்வி வந்தது. அங்கே ஆரம்பகால விதிப்படி, அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் சோலார் இன்வெர்ட்டர்கள் அணைந்துவிட வேண்டும். கூரைகளில் சில ஆயிரம் பேனல்கள் இருந்த காலத்தில் எழுதிய விதி அது, யாருக்கும் உறுத்தவில்லை. பல லட்சம் கூரைகள் சேர்ந்த பிறகுதான் விபரீதம் புரிந்தது. நல்ல வெயில் நாளில் அந்த எண்ணைத் தொட்டால் பெரிய மின்நிலையங்கள் பலவற்றுக்குச் சமமான மின்சாரம் ஒரே நொடியில் காணாமல் போகும். 2012இல் சட்டம் போட்டு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இன்வெர்ட்டர்களின் அமைப்பை மாற்ற வேண்டியதாயிற்று. இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. நிரலில் இருந்த ஓர் எண்தான் பிரச்சினை.

தென் ஆஸ்திரேலியா இன்னும் கசப்பாகக் கற்றது. 2016 செப்டம்பர் 28 அன்று சூறாவளியில் உயரழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. மின்னழுத்தம் திரும்பத் திரும்பத் தாழ்ந்தது. சில காற்றாலைகளின் கட்டுப்பாட்டு நிரலில், குறுகிய நேரத்தில் இத்தனை முறைக்குமேல் தாழ்ந்தால் விலகிக்கொள் என்று ஓர் அமைப்பு இருந்தது. கட்டமைப்பை நடத்துகிறவர்களுக்கே அது தெரியாது. காற்றாலைகள் நொடிகளில் விலகின, பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த இணைப்பு சுமை தாங்காமல் அறுந்தது, மாநிலத்தின் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. அந்த அமைப்பைப் பின்னர் விரைவிலேயே மாற்றிவிட்டார்கள். அடுத்த ஆண்டே 100 மெகாவாட் திறனுள்ள ஹார்ன்ஸ்டேல் மின்கலத் தொகுதி அங்கே வந்தது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மின்சாரத்தை ஏற்றவும் இறக்கவும் அதனால் முடிகிறது.

இந்தச் சம்பவங்களைச் சொல்லிப் புதுப்பிக்கத்தக்க மின்சாரமே ஆபத்து என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தாளத்தைத் தானே பிடித்துக் கொடுக்கும் இன்வெர்ட்டர்கள் இப்போது வந்துவிட்டன. மின்கலத்தோடு சேர்ந்தால் சுழலும் சக்கரத்தின் வேலையை நிரலே பாவனையாகச் செய்யும். ஆனால் அதை எழுதிச் சோதித்துப் பொறுப்பேற்க ஆள் வேண்டும். இரும்பின் கனம் இயற்கையாக வந்தது. நிரலின் கனத்தை யாராவது உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும்.

கூலிமில் என்ன செய்கிறார்கள்

இங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஷிப்டுக்குப் போகும் இடம். இதற்கு முந்தைய தலைமுறை பினாங்குக்குப் போனது: 1972இல் இன்டெல் பாயான் லெப்பாஸில், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் தொடங்கியபின் மின்னணு ஆலைகள் வரிசையாக வந்தன. தோட்டத்துப் பெண்கள் விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவதற்குப் பதில் தொழிற்சாலை பஸ் ஏறத் தொடங்கிய காலம் அது.

கூலிமில் இன்ஃபினியோன் நிறுவனத்தின் ஆலை 2006இல் தொடங்கியது. அதே வளாகத்தில் 2024 ஆகஸ்டில் புதிய கட்டடம் ஒன்றின் முதல் கட்டத்தைத் திறந்தார்கள். அங்கே செய்வது சிலிக்கன் கார்பைடு சில்லுகள். நான் மேலே சொன்ன சுவர்ப்பெட்டிக்கும் மின்கார்களுக்கும் இதயம் போன்ற பொருள் இது. பக்கத்து ஊரில் நடப்பதால் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும்.

பேனலின் டிசியை, திசை மாறி மாறி ஓடும் வீட்டு ஏசியாக மாற்ற, மின்னணுச் சுவிட்சுகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சக்தி சூடாக வீணாகும். சாதாரண சிலிக்கனில் உயர் மின்னழுத்தத்தைத் தாங்கப் படலம் தடிமனாக இருக்க வேண்டும். தடிமன் கூடினால் தடை கூடும், சூடு கூடும். சிலிக்கன் கார்பைடு ஏறக்குறைய 10 மடங்கு மின்புலத்தைத் தாங்கும். ஆகவே மெல்லிய படலமே போதும். வெப்பத்தையும் சுமார் 3 மடங்கு நன்றாக வெளியே கடத்தும். வேகமாகத் திறந்து மூடலாம் என்பதால் கூடவே வரும் செம்புச் சுருள்களும் மின்தேக்கிகளும் (கெப்பாசிட்டர்) சிறுத்துவிடுகின்றன. இரண்டு பேர் தூக்க வேண்டிய இன்வெர்ட்டரை ஒருவர் தூக்கும்படி ஆவதற்கு இதுவே காரணம்.

கேட்பதற்கு ஏதோ விண்வெளிப் பொருள் மாதிரி இருக்கும். இரும்புக் கடையில் கத்தி தீட்ட விற்கும் கார்போரண்டம் கல்லும் இதே சேர்மம்தான், 1890களிலிருந்தே சாணைக்குப் பயன்படுகிறது. சாணைக்கல்லுக்கு எப்படிப்பட்ட துகளும் போதும். சில்லுக்கோ குறையில்லாத ஒற்றைப் படிகம் வேண்டும். அது 2,000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில், ஆவியிலிருந்து மிக மெதுவாக வளர்கிறது. விலை ஏன் இறங்க மறுக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அதே பூங்காவில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் 2008 முதல், சிலிக்கனுக்குப் பதில் காட்மியம் டெலுரைடு என்ற சேர்மத்தில் பேனல்கள் செய்கிறது. நம் ஊர்க் கூரைகளில் அவற்றைப் பார்ப்பது அரிது, பெரும்பகுதி ஏற்றுமதி. உலகின் சில்லுகளில் சுமார் 13 விழுக்காட்டைப் பொதியிட்டுச் சோதித்து அனுப்பும் நாடு மலேசியா என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் அந்தச் சில்லுக்குள் ஓடும் நிரலை எழுதுவதும் சில்லை வடிவமைப்பதும் பெரும்பாலும் வேறெங்கோ நடக்கிறது. 2025 மார்ச்சில் அரசாங்கம், சில்லு வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்தோடு 10 ஆண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம் போட்டது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். வடிவமைப்பு உரிமங்களை வாங்கிவிடலாம், வடிவமைக்கத் தெரிந்த ஆளைக் கடையில் வாங்க முடியாது. ஷிப்டு முடிந்து வரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த வாசல் திறக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இந்தப் பணத்துக்கு நான் மதிப்பெண் போடுவேன்.

பெட்டிக்கு வரும் நோய்கள்

சரி, வீட்டுக்கு வருவோம். இன்வெர்ட்டருக்குள் ஓடும் நிரல்களில் எனக்கு மிகவும் பிடித்தது பேனலிலிருந்து அதிகபட்சச் சக்தியைக் கறக்கும் நிரல். அதன் தந்திரம் ஒரு சிறுபிள்ளைக்கும் புரியும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்; சக்தி கூடினால் இன்னும் ஏற்று, குறைந்தால் திரும்பி வா. நாள் முழுக்க இதையே செய்துகொண்டிருக்கும். மேகம் போவதும் வருவதுமாக இருக்கும் நம் வானத்தில் அதற்கு ஓய்வே கிடையாது. தென்னை ஓலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தால், சக்தி அதிகபட்சமாகும் உச்சி ஒன்றுக்கு இரண்டாகிவிடும். மட்டமான நிரல் சின்ன உச்சியில் ஏறி நின்று அதுவே சிகரம் என்று நம்பிவிடும். அண்டை வீட்டு ரம்புத்தான் மரத்தைக் குறை சொல்வதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

பேனல்களின் திறனைத் தொழிற்சாலையில் 25 பாகை வெப்பத்தில் வைத்து அளக்கிறார்கள். நண்பகலில் நம் தகரக் கூரைமேல் பேனல் 60 பாகையைத் தாண்டும். ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.35 விழுக்காடு இழப்பு என்று வைத்தால் 12 விழுக்காடு அங்கேயே போய்விடுகிறது. மேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 1 கிலோவாட் பேனல் இங்கே ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்றரை, நான்கு யூனிட் தரும். விற்பனையாளர் இதற்கு மிகக் கூடுதலாக எழுதித் தந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சூடு பெட்டியையும் விடாது. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகள் 10 பாகை கூடுதல் சூட்டில் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும். ஆனாலும் மேற்குச் சுவரில், மாலை வெயில் நேரே அடிக்கும் இடத்தில், கம்பி நீளம் மிச்சம் என்று மாட்டிவிட்டுப் போகிறார்கள். பழுது பார்க்கத் திறக்கும் பலகைகளில் உப்பிய மின்தேக்கிக்கு அடுத்தபடி நான் அதிகம் பார்ப்பது பல்லி. வெதுவெதுப்புக்காக உள்ளே நுழைந்து, இரண்டு தடங்களுக்கு நடுவே படுத்துப் பலகையையும் கெடுத்துத் தானும் கருகிக் கிடக்கும். காற்றோட்டத் துளைகளில் சன்னமான வலை வைக்கச் சில வெள்ளிதான் ஆகும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி இடி. உலகில் மின்னல் மிகுந்த பகுதிகளில் மலேசியாவும் ஒன்று. நேராக வீட்டில் விழ வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி ஒரு செம்பனையில் விழுந்தாலே கம்பிகளில் தூண்டப்படும் அழுத்தம் சில்லுகளைக் கொல்லப் போதும். வந்த அழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பிவிடும் தடுப்பான் பேனல் பக்கமும் வேண்டும், வீட்டு மின்சாரப் பக்கமும் வேண்டும். நல்ல எர்த் இல்லாவிட்டால் இரண்டும் வெறும் அலங்காரம். செலவு குறைக்கப் பலர் முதலில் வெட்டுவது இதைத்தான்.

மின்கட்டணமும் மாயக் கருவியும்

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு கருவி விற்பார்கள், சுவரில் சொருகினால் பில் பாதியாகக் குறையுமாம். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு மின்தேக்கியும் பச்சை விளக்கும் இருக்கும். மோட்டார் போன்றவை இழுத்துத் திருப்பித் தரும் ஒருவகை மின்னோட்டத்தை அது கொஞ்சம் சமன்செய்யும் என்பது உண்மை. ஆனால் வீட்டு மீட்டர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. உண்மையில் செலவாகும் யூனிட்டுக்குத்தான் காசு. ஆக அந்தக் கருவி மிச்சப்படுத்துவது பூஜ்யம், பச்சை விளக்குக்கு ஆகும் செலவு வேறு.

உண்மையான மிச்சம் மீட்டர் மென்பொருளில் வந்திருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய கட்டண முறையில், ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தைத் தேர்ந்துகொள்ளலாம். வாரநாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம், மற்ற நேரமும் வார இறுதியும் மலிவு. கூரை மின்சாரத்துக்கும் கணக்கு மாறிவிட்டது: கூரையில் மிஞ்சியதை வெளியே கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்ள 2021இல் வந்த நெம் 3.0 திட்டம் 2025இல் முடிந்து, அதன் இடத்தில் 2026 ஜனவரியில் சோலார் அட்டாப் திட்டம் தொடங்கியது. இதில் மிஞ்சிய வரவு அடுத்த மாதத்துக்குத் தாவாது. எனவே கூரையில் வருவதை வருகிற நேரத்திலேயே பயன்படுத்துவது லாபம். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடும் வீட்டில் இது லேசல்ல. துவைக்கும் இயந்திரமும் தண்ணீர்ச் சூடேற்றியும் தாமே நேரம் பார்த்து ஓட வேண்டும். மறுபடியும் நிரல்தான்.

செம்பனைக் காட்டின் கணக்கு

நல்ல ஒரு ஹெக்டேர் செம்பனை ஆண்டுக்கு ஏறக்குறைய 4 டன் எண்ணெய் தரும். அதை அப்படியே எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 40 மெகாவாட் மணி. அதே நிலத்தில் பேனல் பரப்பினால் ஆண்டுக்கு 1,000 மெகாவாட் மணி அளவுக்கு மின்சாரமே வரும். எண்ணெய் சாப்பிடும் பொருள், சேமித்து வைக்கலாம் என்பதால் இது முழு ஒப்பீடல்ல. ஆனால் நில முதலாளிகள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது விளங்கும். கோலக்கெட்டிலில் 50 மெகாவாட் சோலார் பண்ணை ஓடிக்கொண்டிருக்கிறது. 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்ட சைம் டார்பி பெருந்தோட்ட நிறுவனமும் நிலத்தைச் சோலாருக்குக் குத்தகை விடும் வேலையில் இறங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களை நடத்திய கத்ரி என்ற பெயரைப் பால் வெட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செம்பனைக்குக் குலை வெட்ட ஆள் வேண்டும். பேனலுக்குப் புல் வெட்டவும் காவலுக்கும் சிலர் போதும். வேலைவாய்ப்பு என்று மேடையில் பேசுபவர்களிடம் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அதிகம் பேசப்படாத ஒன்று செம்பனை ஆலை. நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, நீராவியால் டர்பைனைச் சுற்றித் தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளும் தொழிற்சாலை அது. அங்கே ஒரு டன் குலைக்கு அரை டன்னுக்கும் மேல் கழிவுநீர் வருகிறது. திறந்த குளத்தில் விட்டால் மீத்தேன் கிளம்பும்; நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். குளத்தை மூடி வாயுவைப் பிடித்து, அதிலுள்ள கந்தக வாயுவை நீக்கி என்ஜினில் எரித்தால் ஓர் ஆலையே ஒன்றிரண்டு மெகாவாட் தரும். இரவிலும் மழையிலும் வரும். இதைக் கட்டமைப்போடு இணைப்பதற்குத்தான் தடை அதிகம். ஆலைகள் கம்பியிலிருந்து தூரத்தில், செம்பனைக்கு நடுவே கிடக்கின்றன. சோலாருக்குக் கிடைக்கும் கைதட்டலில் கால்வாசி இதற்குக் கிடைத்திருந்தால் அந்தக் கம்பி எப்போதோ போயிருக்கும்.

மின்சாரம் தின்னும் மென்பொருள் பற்றியும் ஒரு வார்த்தை. ஜொகூரில் செடெனாக், கூலாய் பக்கம் தரவு மையங்கள் எழும்புகின்றன, தோட்ட நிலமாக இருந்த இடங்களிலேயே. 100 மெகாவாட் மையம் ஒன்று இரவுபகலாக ஓடினால் நாளைக்கு 24 லட்சம் யூனிட். கோலக்கெட்டில் பண்ணையைப் போல் பத்துக்கும் மேல் வேண்டும், இரவுக்கு மின்கலம் தனி. செயற்கை நுண்ணறிவு நமக்கு என்ன தரும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எவ்வளவு குடிக்கும் என்பதை மட்டும் மீட்டரே சொல்லிவிடும்.

அணுக்கருக்களை இணைத்துச் சக்தி எடுக்கும் அணுச்சேர்க்கை பற்றி இளைஞர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவில் 2.05 மெகாஜூல் லேசர் சக்தி கொடுத்து 3.15 எடுத்தார்கள். அந்த லேசரை இயக்கச் சுவரிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். அறிவியலாக அபாரம், நம் காலத்து மின்கட்டணத்துக்கு உதவாது. ஹைட்ரஜன் உரத்துக்கும் எஃகுக்கும் தேவைப்படலாம். மின்சாரத்தைச் சேமிக்க அதைப் பயன்படுத்தினால் போட்டதில் பாதிக்கும் மேல் வழியிலேயே தொலைகிறது. மின்கலம் 10, 15 விழுக்காட்டோடு விட்டுவிடும். ஆகவே நம் ஊருக்கு, நம் ஆயுளுக்கு என்று கேட்டால் பேனல், மின்கலம், ஆலை வாயு, இவற்றைக் கட்டி மேய்க்க நல்ல நிரல். இதற்குமேல் எனக்குக் கனவு வரவில்லை.

பூட்டிய பெட்டி

2024 நவம்பரில் அமெரிக்காவில் சில வீடுகளில் இன்வெர்ட்டர் திரை, இந்தக் கருவியை இந்த நாட்டில் பயன்படுத்த அனுமதி இல்லை என்று காட்டிவிட்டு நின்றுபோனது. உற்பத்தியாளருக்கும் விற்பனையாளர்களுக்கும் இருந்த தகராறு. காசு கொடுத்து வாங்கியவர் நடுவில். இணையத்தோடு இணைந்த பெட்டியை எங்கிருந்தோ ஒருவர் அணைக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஜெர்மனியில் தவறான ஓர் எண்ணைத் திருத்த சட்டம் தேவைப்பட்டது. தொலைவிலிருந்து ஒரே நொடியில் லட்சம் பெட்டிகளின் எண்ணை மாற்றலாம் என்றால் அது வசதியும்தான், ஆபத்தும்தான்.

இதற்கு மருந்து ஓரளவு நம் கையிலேயே இருக்கிறது. பெரும்பாலான இன்வெர்ட்டர்களின் அடியில் ஆர்எஸ்-485 என்ற சிறு இணைப்பு இருக்கும். இரண்டு கம்பியை இழுத்து, மோட்பஸ் என்ற பழைய தொழிற்சாலை மொழியில் கேட்டால் எத்தனை வோல்ட், எத்தனை வாட், உள்ளே எவ்வளவு சூடு என்று எல்லாம் சொல்லும். இணையமே வேண்டாம். ஈஎஸ்பி32 சில்லுள்ள குட்டிப் பலகையைச் சில பத்து வெள்ளிக்குள் வாங்கலாம். வீட்டுக் கருவிகளை ஒன்றாகக் கவனிக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மென்பொருளுக்குக் காசே இல்லை. நிறுவனத்தின் செயலி எங்கள் வீட்டில் ஆங்கிலத்திலும் சீனத்திலும்தான் பேசியது. தமிழைக் கணினிக்கும் கைப்பேசிக்கும் கொண்டுபோனதில் முரசு அஞ்சல், செல்லினம் என்று இந்த நாட்டு முத்து நெடுமாறனின் பங்கு எவ்வளவோ, பிறகு இந்தப் பெட்டிக்கு மட்டும் ஏன் தமிழ் வராது? அடுப்படிச் சுவரில் ஒரு சின்னத் திரை வைத்து, நல்ல வெயில் நேரத்தில் "இப்போது துணி போடலாம்" என்று எழுத வைத்தேன். அம்மாவுக்கு வாட்டும் வோல்ட்டும் தேவைப்படவில்லை, அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

எதிர்வீட்டு அண்ணனுக்குச் சொன்ன யோசனை இதுதான். மின்சாரம் போன நேரத்திலும் விசிறி சுற்ற வேண்டும் என்றால் மின்கலமும், வெளி இணைப்பைத் துண்டித்துக்கொண்டு வீட்டை மட்டும் நடத்தும் மாற்றியும் உள்ள வகையைக் கேட்க வேண்டும். விலை ஏறும். அது வேண்டாம் என்றாலும், வீட்டுக்குள்ளேயே தகவல் எடுக்கும் வழி திறந்திருக்கிறதா என்று கேட்கலாம். அப்புறம், இன்வெர்ட்டரின் இணையக் கணக்கை, அதை மாட்டித் தரும் குத்தகையாளர் தன் பெயரிலேயே பதிந்துவைத்துக்கொள்வது வழக்கம். அமைப்புகளை மாற்றும் கடவுச்சொல் அவரிடம் இருக்கும். அவர் கடையை மூடிவிட்டால் அதுவும் அவரோடு போய்விடும். முன்பணம் கொடுக்கும் முன்பே அதை எழுதி வாங்கிவிட வேண்டும்.